பதிமூன்று உள்ளே, பதிமூன்று வெளியே

அத்தியாயம் 9

பதினோரு நாளாக ஸ்லைடு அக்கா காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்து மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனாள். நடுவில் உட்கார்ந்திருந்தது மட்டும் பூச்சி ஆராய்ச்சி நிலையத்துக்குள் இல்லை. அதற்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில். உள்ளே வரக்கூடாது என்று அவளுக்கு எழுத்தில் கொடுத்திருந்தார்கள். எதிரே உட்காரக்கூடாது என்று எழுத மறந்துவிட்டார்கள்.

“வீட்ல இருந்திருக்கலாமேக்கா. இங்க வெயில் மண்டையைப் பிளக்குது,” என்றான் கொழுந்தன்.

“வீட்ல உக்காந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்,” என்றாள் அக்கா.

கொழுந்தனுக்கு வயது நாற்பத்தொன்று. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த அவனுடைய கம்பெனி மூழ்கிய நாளிலிருந்து அண்ணியிடம் உதவியாளன். அண்ணி துப்பறிகிறவள். அவனுடைய அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டதைத் தவிர அவள் இதுவரை ஒரு விஷயத்திலும் ஏமாந்ததில்லை என்பது அவன் கருத்து. அண்ணனும் இதை மறுத்ததில்லை.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. “நாலு மணிக்கு விசாரணை. இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லுங்க. இவர் போன தடவை கேக்கும்போது தூங்கிட்டிருந்தார்.”

“கண்ணை மூடி யோசிச்சேன் அண்ணி.”

“குறட்டையோட.”

அக்கா மறுபடியும் சொன்னாள். இருபத்தேழு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. ஊரைத் தாண்டியதும் தொடங்குகிற பாலைவனத்தில் ஒரு கடிக்கிற பூச்சி உண்டு. கொசுவில் கால்வாசி உடம்பு, கொசுவைப் போல நாலு மடங்கு கோபம். நிலையத்தில் எல்லோரும் அதைப் ‘பொடிசு’ என்றுதான் சொல்வார்கள். பிடித்து வரும் பொடிசுகளை ஊசி முனையால் பிரித்து, இறக்கையைத் தனியாகவும் தலையைத் தனியாகவும் கண்ணாடிச் சில்லில் வைத்து, மேலே பிசின் விட்டு, மெல்லிய மூடுகண்ணாடியால் மூடி ஸ்லைடு ஆக்குவாள். பிறகு அவற்றை மூன்று வாரம் ஓவனில் மிதமான சூட்டில் காயவைப்பாள். காய்ந்ததும் எடுத்துத் துடைத்து, மைக்ராஸ்கோப்பில் இறக்கையைப் பார்த்து, அந்தந்த இனத்துக்கான அறையில் அடுக்குவாள்.

“போன மாசம் பதிமூணு ஸ்லைடு ஓவனுக்குள்ள போச்சு. பதிமூணு வெளிய வந்துச்சு. ஓவன் சாவி என் கழுத்துலதான் கிடந்துச்சு. தூங்கும்போதுகூடக் கழட்டல.”

“அதுல ஒண்ணு புது இனம்னு டாக்டர் சொல்றார்.”

“எங்கிட்ட சொல்லலியே. சொன்னா திருடிருவேன்னு பயந்து சொல்லல. இப்ப, சொல்லாததையே திருடிட்டேன்னு சொல்றார்.”

டாக்டரின் குற்றச்சாட்டு சுருக்கமானது. பதிமூன்றில் பன்னிரண்டு சாதாரணப் பொடிசு. ஒன்று மட்டும் உலகத்தில் யாரும் பார்த்திராத இனம். ஓவனிலிருந்து வந்த பிறகு பார்த்தால் பதிமூன்றுமே சாதாரணம். ஆகவே சாவி வைத்திருந்தவள் புது இனத்தை எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் ஒரு சாதாரண ஸ்லைடை வைத்துவிட்டாள். பூச்சி சேகரிக்கிற ஏதோ ஒரு வெளிநாட்டுப் பணக்காரனுக்கு விற்றிருப்பாள். அவள் வீட்டில் தலையணையைக்கூடக் கிழித்துத் தேடினார்கள். கிடைத்தது பஞ்சு.

நாலு மணிக்கு அவளை வேலையை விட்டு எடுத்து, போலீசிலும் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். அதே நாலு மணிக்கு நிலையத்தின் சேர்மனும் வருகிறார். புது இனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ரத்தம் குடிக்கிற பூச்சிக்குத் தங்கள் தலைவர் பெயரை வைப்பதில் நிலையத்தில் ஒருவருக்கும் ஒரு நெருடலும் ஏற்படவில்லை.

“இன்னும் மூணு வருஷத்துல ஓய்வு,” என்றாள் அக்கா. “வேலை போனா போவுது. ஆனா திருடின்னு ஒரு காகிதத்துல எழுதுவாங்க பாருங்க. நான் செத்த பிறகும் அந்தக் காகிதம் ஃபைல்ல இருக்கும்.” சொல்லிவிட்டு, மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி எழுந்தாள். “தம்பி, வாங்க. டாக்டரைப் பாத்துட்டு வருவோம்.”

வாசல் காவலர் எந்தப் பூச்சியையும் விசாரிக்காமல் உள்ளே விடுவார், மனிதர்களைத்தான் விடமாட்டார். ஐந்து கட்டம் போட்ட நோட்டை நீட்டினார். ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் ‘பூச்சி காணவில்லை’ என்று கொழுந்தன் எழுதினான். காவலர் படித்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினார்.

டாக்டரின் அறையில் உள்ள நாற்காலிகளில் டாக்டருடையது மட்டும்தான் சுழன்றது. முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் என்பதைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார். சுவரில் ஒரு பெரிய படம். பொடிசின் ஒற்றை இறக்கையைக் கறுப்பு மையில் வரைந்திருந்தார். உலகத்துக்கு இன்னும் அறிவிக்காத கண்டுபிடிப்புக்கு அதற்குள் தங்க நிறச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது.

“இந்த வகைப் பூச்சிக்கு இறக்கைதான் கைரேகை,” என்றார் டாக்டர். “சாதாரணப் பொடிசு இறக்கையில ரெண்டு வெளிர்புள்ளி. இதுல மூணு. அதுவும் அந்த மூணாவது புள்ளியைச் சுத்தி ஒரு கருவளையம். உலகத்துல எந்தப் பொடிசுக்கும் அது கிடையாது.”

“தூக்கமில்லாத பொடிசா இருக்கும்,” என்றான் கொழுந்தன்.

டாக்டர் அவனைப் பார்க்காமல் அண்ணியிடம், “இவர் யார்?” என்றார்.

“என் கொழுந்தன். மேல சொல்லுங்க. இந்த மாதிரி மூணு புள்ளியோட எத்தனை கிடைச்சுது?”

“ஒண்ணு.”

“ஒரே ஒரு பூச்சியை வெச்சு ஒரு இனமா?”

“போதும்.”

“கல்யாணத்துக்கே ரெண்டு பேர் வேணுமே டாக்டர்,” என்றான் கொழுந்தன்.

அண்ணி அவன் காலை மிதித்தாள். “பாலைவனத்துல மூணு நாள் இருந்தீங்களாமே. ரொம்பக் கடிச்சிருக்குமே.”

“நான் வண்டிக்குள்ள இருந்தேன். கையை நீட்டிக்கிட்டு வெளிய உக்காந்தது டிரைவர். அறிவியலுக்கு ஒரு கை தேவைப்படுது.”

டிரைவர் கையை அறிவியலுக்குக் கொடுத்தார். பொடிசு தன் உயிரைக் கொடுத்தது. டாக்டர் சேர்மனின் பெயரைக் கொடுத்தார். மூவரில் பெரிய தியாகம் யாருடையது என்று கொழுந்தன் யோசித்தான். கால் வலித்ததால் வாய்விட்டுக் கேட்கவில்லை.

“அந்த ஸ்லைடுக்கு ஏதாவது அடையாளம் வெச்சீங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

“கண்ணாடி மேல மெழுகு பென்சில்ல ஒரு நட்சத்திரம் போட்டேன். ஓவன்லேருந்து எடுத்ததும் அவ துடைச்சுட்டா. தெரிஞ்சே துடைச்சிருக்கா.”

“மத்த பன்னிரண்டு மேலயும் ஏதாவது போட்டிருந்தீங்களா?”

டாக்டர் சற்றுத் தயங்கினார். “நான் யோசிக்கும்போது ஏதாவது கிறுக்குவேன்.”

“அவங்க எடுத்துட்டுப் போறதா இருந்தா சும்மா எடுத்துட்டுப் போயிருக்கலாமே. எதுக்கு இன்னொண்ணை மாத்தி வெக்கணும்?”

“எண்ணிக்கை குறைஞ்சா மாட்டிக்குவா. அவ பயங்கரக் கெட்டிக்காரி.”

“அவ்வளவு கெட்டிக்காரிக்கு இருபத்தேழு வருஷமா ஏன் ஒரு பதவி உயர்வும் குடுக்கல?”

டாக்டர் நாற்காலியை அரைச் சுற்று சுற்றி ஜன்னலைப் பார்த்தார். அண்ணி எழுந்து சுவரிலிருந்த படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இறக்கையின் கீழ் ஓரத்தைக் காட்டி, “இங்க என்ன, கிழிஞ்சிருக்கா?” என்றாள்.

டாக்டரின் நாற்காலி உடனே திரும்பியது. “நல்லாக் கவனிச்சீங்க. சில பேர் படம் அழகா இருக்கணும்னு கிழிசலை மறைச்சுருவாங்க. நான் அப்படி இல்ல. இருக்கிறதை இருக்கிறபடியே வரைவேன். ஓரம் கிழிஞ்சிருந்தா கிழிசலோட. முடி வளைஞ்சிருந்தா வளைஞ்ச முடியோட. அந்தக் கிழிசலுக்குப் பக்கத்துல ரெண்டு முடி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு பாருங்க. அதைக்கூட விடல.”

“மூணாவது புள்ளியும் அப்படியே வரைஞ்சதுதானா? காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி இவ்வளவு வட்டமா இருக்கே.”

“அது இயற்கை போட்டது.”

“மத்த ரெண்டு புள்ளியும் கோணல்மாணலா இருக்கே. அது யார் போட்டது?”

“நாலு மணிக்கு விசாரணையில சந்திப்போம்,” என்று டாக்டர் எழுந்தார். படத்தை நகல் எடுக்கவோ போட்டோ பிடிக்கவோ அறிவிப்பு முடியும் வரை அனுமதி இல்லை என்றும் சொன்னார்.

கொழுந்தன் கைகூப்பாத குறையாகப் பக்கத்தில் போனான். “டாக்டர், படம் வேண்டாம். வரலாற்றுல இடம்பிடிக்கப் போறவர்கூட ஒரு செல்ஃபி மட்டும். வீட்ல காட்டிக்கிறதுக்கு.”

டாக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தலையைத் தடவிக்கொண்டார். பின்னணி வெறும் சுவராக இருப்பது அவருக்கே பிடிக்கவில்லை. அவராகவே இரண்டடி நகர்ந்து, தங்க நிறச் சட்டம் முழுதாகத் தெரிகிற இடத்தில் நின்று சிரித்தார்.

வெளியே வரும்போது காவலர் மறுபடியும் நோட்டை நீட்டினார். ‘வெளியேறும் காரணம்’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. கொழுந்தன் ‘பசி’ என்று எழுதினான்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா அதே இடத்தில் இருந்தாள். அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை உடனே காட்டவில்லை.

“அக்கா, எனக்குப் பூச்சியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. முட்டாள்தனமாக் கேக்கறேன். மூணு வாரம் ஓவன்ல வெக்கிறது எதுக்கு?”

“பிசின் காயறதுக்கு. அப்புறம், மூடுகண்ணாடியை வெக்கும்போது சில சமயம் காத்து மாட்டிக்கும். சின்னதாக் குமிழி. சூட்டுல பிசின் இளகும்போது அது தானா கரைஞ்சு போயிடும்.”

“அந்தக் குமிழி மைக்ராஸ்கோப்ல எப்படி இருக்கும்?”

“நல்ல வட்டமா இருக்கும். நடுவுல வெளுப்பு, சுத்திக் கறுப்பா ஒரு வளையம். புதுசா வேலைக்குச் சேர்றவங்க அதைப் பாத்துட்டு என்னமோ ஏதோன்னு ஓடி வருவாங்க. ஒரு வாரத்துல பழகிடும்.”

அண்ணி போனைக் கொழுந்தனிடமிருந்து வாங்கி, டாக்டரின் காதுக்குப் பின்னால் தெரிந்த படத்தைப் பெரிதாக்கி அக்காவிடம் நீட்டினாள். அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இதுதான் புது இனமா?” என்றாள்.

“இதேதான்.”

“இது குமிழிம்மா.”

“டாக்டருக்கு எத்தனை வருஷ அனுபவம்னு கதவுல போட்டிருந்துச்சு?” என்றான் கொழுந்தன். “முப்பது. அப்ப அந்த முதல் ஒரு வாரம் மட்டும் லீவு போட்டிருக்கார்.”

அக்கா சிரிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. “என் ஸ்லைடுல குமிழி விழாது. விழவே விடமாட்டேன். அன்னிக்கு அவர் என் தோளுக்கு மேல நின்னுக்கிட்டு சீக்கிரம், சீக்கிரம்னு கத்திட்டே இருந்தார். காயறதுக்குள்ளயே தூக்கிட்டுப் போய்ப் படம் வரைஞ்சார். மறுநாள்தான் திருப்பிக் குடுத்தார்.” தன்மேல் திருட்டுப்பட்டம் கட்டியதைவிடத் தன் கையால் ஒரு குமிழி விழுந்ததுதான் அந்த நிமிஷம் அவளுக்கு அவமானமாக இருந்தது.

கொழுந்தன் நடந்ததைத் தனக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். டாக்டர் ஈர ஸ்லைடில் குமிழியைப் பார்த்தார். புள்ளி என்று நினைத்தார். கருவளையத்தோடு வரைந்தார். சேர்மன் பெயரை வைத்தார். ஓவனில் குமிழி கரைந்தது. கூடவே இனமும் கரைந்தது. உலகத்தில் மூன்றே வாரத்தில் தோன்றி மறைந்த ஒரே உயிரினம் இதுவாகத்தான் இருக்கும்.

“முடிஞ்சுது அண்ணி. உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்.”

“என்னன்னு சொல்வீங்க? குமிழி இருந்துச்சு, இப்ப இல்லன்னா? போன குமிழியைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர முடியுமா? இவ திருடிட்டுக் கதை கட்டறான்னு சொல்லுவார். டாக்டர் வரைஞ்ச அதே ஸ்லைடு அந்தப் பதிமூணுக்குள்ள இப்பவும் இருக்குன்னு காட்டணும்.”

“எல்லாமே ரெண்டு புள்ளி. எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“புள்ளியை யார் பாக்கச் சொன்னா? புள்ளியைப் பாத்துப் பாத்துத்தான் அவர் கெட்டார். நீங்க கிழிசலைப் பாருங்க.”

மூன்று மணிக்கு இருவரும் இயக்குநரின் அறையில் இருந்தார்கள். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியே இயக்குநராக உயர்ந்தவர் அவர். பதிமூன்று ஸ்லைடுகளையும் சாட்சிப் பொருளாகத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாமா என்று அண்ணி கேட்டபோது, பழக்கதோஷத்தில் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பின்வாங்க வழியில்லை.

கொழுந்தன் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். முதல் பத்து நிமிஷம் தன் இமை முடியைத்தான் பார்த்தான். அது எந்த இனம் என்று கேட்டு இயக்குநரை எரிச்சலூட்டினான். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தினான். ஒன்று, முழு இறக்கை. இரண்டு, முழு இறக்கை. ஐந்தாவதில் மேல் ஓரம் மடங்கியிருந்தது, கிழியவில்லை. எட்டு வரை ஒன்றும் இல்லை. கழுத்து பிடித்துக்கொண்டது.

ஒன்பதாவதில் கையை நிறுத்தினான். பிறகு போனை எடுத்து, டாக்டரின் காதுக்குப் பின்னால் பார்த்தான். திரும்ப மைக்ராஸ்கோப்பைப் பார்த்தான்.

“அண்ணி, டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க. படத்தையும் கழட்டிக் கொண்டு வரச் சொல்லுங்க. சட்டத்தோட.”

டாக்டர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அண்ணி அவரை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

“கீழ் ஓரத்துல என்ன இருக்கு டாக்டர்?”

“ஒரு கிழிசல்.”

“உங்க படத்துல?”

டாக்டர் படத்தைப் பார்க்கவில்லை. அவர் வரைந்ததுதான், பார்க்காமலே தெரியும். “கிழிசல் எதுல வேணா இருக்கலாம்.”

“பக்கத்துல ரெண்டு முடி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கா?”

டாக்டரின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு மெல்லத் தளர்ந்ததைக் கொழுந்தன் பார்த்தான்.

“இருக்கிறதை இருக்கிறபடியே வரையறவர் நீங்க,” என்றாள் அண்ணி. “மாத்தி வெச்சவங்க அதே இடத்துல, அதே அளவுக்கு இன்னொரு பூச்சியோட இறக்கையைக் கிழிச்சு, ரெண்டு முடியையும் சாய்ச்சு வெச்சாங்களா? இதுதான் நீங்க பாத்த ஸ்லைடு. யாரும் தொடல. படத்துல இருக்கிற எல்லாமே இதுலயும் இருக்கு. அந்த அழகான வட்டம் மட்டும் இல்ல. அது ஓவன்ல ஆவியாயிடுச்சு.”

“குமிழி,” என்றான் கொழுந்தன், இயக்குநருக்குப் புரியட்டும் என்று.

டாக்டர் தலையை நிமிர்த்தினார். “அது குமிழியா இருந்திருக்கக்கூடிய வாய்ப்பு... முற்றிலும் மறுக்கக்கூடியது இல்ல.”

வழக்கு அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று கொழுந்தன் நினைத்தான். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தியபோதுதான் அது அப்போதுதான் தொடங்குகிறது என்று தெரிந்தது.

“சேர்மன் கிளம்பிட்டார்,” என்றார் இயக்குநர் தாழ்ந்த குரலில். “பத்திரிகைக்குச் செய்தி போயாச்சு. பேனர் கட்டியாச்சு. உங்க பேர்ல இருக்கிற பூச்சி ஒரு காத்துக் குமிழின்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? இப்படிச் செய்யலாம். ஸ்லைடு திருட்டுப் போனது போனதாவே இருக்கட்டும். படம் இருக்கு, பேர் இருக்கு, அது போதும். அந்தம்மாவை நாம மன்னிச்சுடறோம். போலீஸ் வேண்டாம். நாளைக்கே வேலைக்கு வரட்டும். பதவி உயர்வுகூடப் பார்க்கலாம்.”

முப்பது வருஷ அனுபவம் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டது. கொழுந்தனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது: வேலை கிடைக்கிறது, போலீஸ் இல்லை, பதவி உயர்வும் உண்டு. பதினோரு நாள் வெயிலில் உட்கார்ந்தவளுக்கு இது போதாதா? அண்ணியைப் பார்த்தான்.

“முடிவு சொல்ல வேண்டியது நான் இல்ல. அவங்களைக் கூப்பிடுங்க,” என்றாள் அண்ணி.

அக்கா வந்தாள். காவலர் அவளிடம் மட்டும் நோட்டை நீட்டவில்லையாம். இயக்குநர் நாற்காலியைக் காட்டினார், அவள் உட்காரவில்லை. மன்னிப்புத் திட்டத்தை அவர் இரண்டாம் முறை, இன்னும் இனிப்பாகச் சொன்னார்.

அக்கா முழுவதும் கேட்டாள். “எதுக்கு சார் மன்னிப்பு?”

“அதான், எல்லாத்தையும் மறந்துட்டு...”

“தப்புப் பண்ணினவங்களைத்தானே மன்னிப்பாங்க. நான் குமிழி விட்டேன். அதுக்கு வேணா மன்னிப்புக் கேட்டுக்கறேன். வேற எதுக்கும் எனக்கு மன்னிப்பு வேண்டாம். சேர்மன் வரட்டும். நானே சொல்றேன்.”

இயக்குநர் தடுப்பதற்குள் கதவு திறந்தது. சேர்மன் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். குட்டையான மனிதர், கையில் யாரோ திணித்த பூங்கொத்து. “எங்க என் பூச்சி?” என்றார்.

அக்கா மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். “அய்யா, இதுதான் அந்த ஸ்லைடு. இதுல இருக்கிறது சாதாரணப் பொடிசு. மூணாவது புள்ளின்னு டாக்டர் நினைச்சது காத்துக் குமிழி. சூட்டுல போயிடுச்சு. உங்க பேர்ல பூச்சி எதுவும் இல்லீங்க. அதுக்காக என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க.”

சேர்மன் அவளையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “நிச்சயமா இல்லையா?”

“நிச்சயமா இல்லீங்க.”

“அப்பாடா,” என்று சேர்மன் நாற்காலியில் விழுந்தார். பூங்கொத்து மடியில் நசுங்கியது. “ரெண்டு வாரமா வீட்ல என்னை எல்லாரும் பொடிசுன்னுதான் கூப்பிடறாங்க. பேரன் பேத்திங்க முதக்கொண்டு. ரத்தம் குடிக்கிறதுக்குப் போய் ஏன் உங்க பேரை வெச்சாங்கன்னு என் சம்பந்தி கேக்கறார். வேண்டாம்னு சொன்னா நிலையத்துல மனசு கஷ்டப்படுவீங்களேன்னு பொறுத்துக்கிட்டேன்.”

இயக்குநரின் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒரே நேரத்தில் வந்து இடத்துக்குச் சண்டை போட்டன. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சிரித்தார். குற்றச்சாட்டு தானாகவே காலாவதி ஆகிவிடும், அக்கா நாளையிலிருந்து வரலாம் என்றும் சொன்னார்.

“தானா ஆகாது சார்,” என்றாள் அக்கா. “எழுதிக் குடுங்க. எழுதினவரே எழுதணும்.”

டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதி நீட்டினார். அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சத்தமாகப் படித்தாள். “ஊழியர் ஸ்லைடை மாற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.” காகிதத்தை மேஜை மேல் வைத்தாள். “மிகக் குறைவுன்னா கொஞ்சம் இருக்குன்னு அர்த்தம்.”

டாக்டர் இன்னொரு காகிதம் எடுத்தார். “கிடைத்துள்ள சான்றுகளின்படி, அவர் மாற்றவில்லை என்று தோன்றுகிறது.”

“தோணுதா?”

“அறிவியல்ல இப்படித்தாம்மா எழுதுவாங்க. எதையும் அடிச்சுச் சொல்ல மாட்டாங்க.”

அக்கா துணிப்பையைத் திறந்தாள். நாலாக மடித்து, மடிப்பு நைந்துபோன ஒரு காகிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். “நீங்க அன்னிக்கு எழுதினது. ‘திருடினார்.’ ஒரே வார்த்தை. ‘வாய்ப்பு’ இல்ல, ‘தோணுது’ இல்ல. பதினோரு நாளா இதைப் பையில வெச்சுக்கிட்டு அந்தத் தெருவுல உக்காந்திருக்கேன். இதே மாதிரி எழுதுங்க.”

இயக்குநர் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மூன்றாவது காகிதத்தை எடுத்தார். ‘இவர் எடுக்கவில்லை. தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு நின்ற இடத்திலேயே அழுதாள். பதினோரு நாளில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. முகத்தை மூடிக்கொள்ளவில்லை, எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல் அழுதாள்.

“யாராவது தண்ணி கொண்டு வாங்கப்பா,” என்றார் இயக்குநர்.

ஒருவரும் அசையவில்லை. இத்தனை வருஷமாக அந்த அறைக்குத் தண்ணீர் கொண்டு வந்ததும் அவள்தான். கடைசியில் டாக்டர் எழுந்தார். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார். அங்கேயே நின்று, யாரையும் பார்க்காமல், குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டார்.